மடத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு: முதல் கடிதத்திலிருந்து நித்திய வார்த்தைப்பாடு வரை

பெட்டி கட்டிக்கொண்டு போன பிள்ளை அடுத்த மாதமே முக்காட்டோடு திரும்பி வந்து நிற்கும் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி இல்லை. மடத்து வாசலை முதல் தடவை மிதிக்கிற நாளிலிருந்து விரலில் மோதிரம் ஏறுகிற நாள் வரை எப்படியும் ஆறேழு வருடம் வேண்டும். எட்டு, ஒன்பது என்பதுதான் வழக்கம். சில சபைகளில் பத்தையும் தாண்டும். முதலில் ஆஸ்பிரன்ட் (மடத்தில் இருந்து பழகுகிறவர்), பிறகு போஸ்டுலன்ட் (பயிற்சிக்கு ஆயத்தமாகிறவர்), பிறகு நொவிஸ் (முறையான பயிற்சியில் இருப்பவர்; அந்தக் காலமும் வீடும் நொவிசியேட்). கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் கடவுள் முன் கொடுக்கும் வாக்குத்தான் வார்த்தைப்பாடு. முதல் வார்த்தைப்பாட்டோடு ஜூனியர் சிஸ்டர், கடைசியில் வாழ்நாள் முழுவதுக்குமான நித்திய வார்த்தைப்பாடு. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை "நான் தொடரலாமா" என்று கேட்க வேண்டும், சபை பதில் சொல்ல வேண்டும். யாருடைய பதிலும் "இல்லை" ஆகலாம். அதற்காகத்தான் இவ்வளவு காலத்தை இழுத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு சட்டங்கள் இதில் வேலை செய்யும். ஒன்று 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு. எந்தச் சபைக்கும் இது பொது. மற்றது அந்தந்தச் சபையின் சொந்தச் சட்டநூல். கீழே "கட்டாயம்" என்று வருவது முதலாவதிலிருந்து. "வழக்கமாக" என்று வருவது சபைக்குச் சபை மாறும்.

எந்த மடம்?

யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடம் என்றதும் பலருக்கும் நினைவு வருவது திருக்குடும்பக் கன்னியர். 1820இல் பிரான்சின் போர்தோ நகரில் பியேர் பியன்வெனு நோவாய் என்ற குருவானவர் தொடங்கிய சபை அது. 1862இல் இங்கே வந்தது. படித்த பள்ளிக்கூடத்தில் கண்ட சிஸ்டர்மாரின் சபையிலேயே சேர்ந்துவிடுவது இங்கே பழக்கம். பிழை என்று சொல்வதற்கில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்தது அந்தச் சபையா, உங்களுக்கு ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லித் தந்த அந்த ஒரு சிஸ்டரா என்று பிரித்துப் பாருங்கள். அவர் அடுத்த வருடமே மன்னாருக்கோ பதுளைக்கோ மாறிப் போகலாம்.

வெளிவேலை செய்யும் சபையா, செபமே வேலையாக உள்ள மடமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பங்கு வேலை, சிறுவர் இல்லம் என்று போகிறவர்கள் முதல் வகை. தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகள் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை ஆண்களுக்கானது. செபமும் மௌனமும் கைவேலையுமான வாழ்வு எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே உள்ள உதாரணம். இந்த இரண்டாம் வகையில், வெளியே வராமல் செபத்தில் வாழும் பெண்களின் அடைபட்ட மடங்களுக்கு ரோமாபுரி 2018இல் தனி ஒழுங்கு கொடுத்தது. ஆயத்தம் ஒரு வருடம், போஸ்டுலன்ட் ஒரு வருடம், நொவிசியேட் இரண்டு வருடம், தற்காலிக வார்த்தைப்பாடு ஐந்து வருடம்: குறைந்தது ஒன்பது. கீழே சொல்லப்போகும் கணக்குகள் முதல் வகைச் சபைகளுக்கு உரியவை.

சபைகள் நடத்தும் "வந்து பாருங்கள்" நாட்கள் பெரும்பாலும் ஓ.எல், ஏ.எல் பரீட்சைகள் முடிந்த கையோடு வரும். இரண்டு, மூன்று சபைகளுக்குப் போய்ப் பாருங்கள். அதை யாரும் துரோகமாக எடுக்கமாட்டார்கள். போன இடத்தில் சிற்றாலயத்தைப் பார்ப்பதை விடக் குசினியைப் பாருங்கள். பானை கழுவுவது யார், வயதான சிஸ்டருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவது யார், மேசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா, மதர் வந்ததும் பேச்சு நின்றுபோகிறதா. கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு: நொவிசியேட் வீடு எந்த ஊரில்? படிப்பு எந்த மொழியில்? முதல் வருடம் வீட்டுக்கு எத்தனை தடவை விடுவார்கள்? போன் எப்படி? ஏ.எல் முடிக்காமல் வந்தால் படிக்க விடுவார்களா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாமல் "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்கிற இடத்தில் இன்னொரு தடவை கேளுங்கள்.

மொழி இங்கத்தைப் பிள்ளைகளை உண்மையிலேயே வாட்டுகிற விஷயம். பல சபைகளுக்கு நொவிசியேட் தெற்கில் இருக்கும், சில சபைகள் இந்தியாவுக்கு அனுப்பும். வகுப்பு இங்கிலிஷில், பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பிள்ளை சிங்களத்தில். போவதற்கு முந்தின ஒரு வருடம் இங்கிலிஷ் வாசிக்கவும் சிங்களம் பேசவும் பழகினால், பிறகு அழுகிற அழுகையில் பாதி குறையும்.

யாருக்கு வாசல் திறக்காது

நொவிசியேட்டுக்குள் எடுக்க 17 வயது நிறைந்திருப்பது கட்டாயம். கலியாணப் பந்தம் நிலைத்திருக்கிற பெண்ணை எடுக்க முடியாது. கோட்டில் விவாகரத்து எடுத்திருந்தாலும் திருச்சபையின் கண்ணில் பந்தம் பந்தம்தான். வேறு சபையில் வார்த்தைப்பாட்டில் இருக்கிறவரையும், முன்னர் ஒரு சபையில் வார்த்தைப்பாடு எடுத்ததை மறைத்து வருகிறவரையும், பயமுறுத்தியோ கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ அனுப்பப்பட்டவரையும் எடுத்தால் அது செல்லாது. கட்டாயம் என்றால் தாய் தகப்பன் அடித்து அனுப்புவது மட்டும் இல்லை. "உன்னை மடுமாதாவுக்கு நேர்ந்துவிட்டோம்" என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்த பிள்ளையிடம், மடத்தில் ஒரு நாளாவது தனியாக இருத்தி அது அவளுடைய விருப்பமா என்று கேட்க வேண்டும். நேர்த்தி தாயுடையது, அழைத்தல் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

தீர்க்க முடியாத கடன் உள்ளவரை எடுக்கக் கூடாது என்பதும் சட்டம். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன கடன் என்று நினைப்பீர்கள். வேலை செய்துவிட்டு இருபத்தைந்தில் வருகிறவர்களிடம்தான் இது கிளம்பும்: தம்பியை வெளிநாடு அனுப்ப வாங்கிய காசுக்கு அவர் வைத்த பிணைக் கையெழுத்து, அம்மாவின் நுண்கடன் குழுவில் அவருடைய பெயர், எடுத்து முடிந்தும் கட்டி முடியாத சீட்டு, அடகில் இருக்கிற சங்கிலி. விண்ணப்பிக்க முன்னர் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிணையை வேறொருவர் பெயருக்கு மாற்ற வங்கி மாதக்கணக்கில் இழுக்கும். அதை முதலில் தொடங்குங்கள்.

சீதனம் கேட்பார்களா என்று பெற்றோர் காதோடு கேட்பதுண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி எதையும் கேட்கச் சொல்லவில்லை. கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியல் மட்டும் தருவார்கள்: போர்வை, உள்ளுடுப்பு, செருப்பு, வேதாகமம், தைக்கிற ஊசி நூல், இப்படி. பட்டியலில் இல்லாததை வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் விலைகூடின பை இருந்தால், அந்த டோர்மிட்டரியில் முதல் கசப்பு அந்தப் பையில்தான் தொடங்கும்.

கடதாசிகள்

சபையின் மாகாணத் தலைவிக்குப் பிள்ளை தன் கையால் எழுதிய கடிதம், பங்குத்தந்தையின் சிபாரிசு, திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிப்பூசுதல் சான்றிதழ், கலியாணம் ஆகாதவர் என்ற உறுதி. திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் தனிநிலையும் பற்றிய மூன்று சான்றும் திருச்சபைச் சட்டப்படி கட்டாயம். இவற்றோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றைச் சபைகள் கேட்பது வழக்கம்.

திருமுழுக்குச் சான்றிதழை அலுமாரியில் இருக்கிற பழையதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புதிதாக எடுத்ததைத்தான் கேட்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் அந்த ஆள் பிறகு உறுதிப்பூசுதல் பெற்றதும் கலியாணம் செய்ததும் நித்திய வார்த்தைப்பாடு எடுத்ததும் குறிக்கப்படும். புதுச் சான்றிதழில் அந்தக் குறிப்புகள் வரும், பழையதில் வராது.

பெயர்தான் அதிகம் இழுபறிப்படுவது. கோவில் பதிவில் "மரிய திரேசா", பிறப்புப் பத்திரத்தில் "மேரி தெரேசா", அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு "தெரேசா" மட்டும், வீட்டில் "ராணி". மடத்துக்குள் நுழையும்போது இது பெரிதாகத் தெரியாது. ஏழு வருடத்துக்குப் பிறகு பாஸ்போட் எடுக்கவோ ஆசிரியர் நியமனத்துக்கோ போகும்போது கழுத்தைப் பிடிக்கும். அரசாங்கக் கடதாசிகளை முதலில் ஒரே எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். கோவில் பதிவில் வேறாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள்.

1990இலும் 1995 ஐப்பசியிலும் இடம்பெயர்ந்த குடும்பங்களில், தாய் தகப்பன் ஓர் ஊர், பிள்ளைக்கு ஞானஸ்நானம் வன்னியில், புதுநன்மை முகாமில், உறுதிப்பூசுதல் திரும்பி வந்த பிறகு என்று நான்கு பங்குகளில் சிதறிக் கிடக்கும். பதிவேடு அகப்படாவிட்டால் கதவு மூடப்படாது. நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதும் என்று சட்டம் சொல்கிறது. ஞானத்தாயோ, அன்றைக்குக் கோவிலில் நின்ற பெரியம்மாவோ பங்குத்தந்தை முன்னால் எழுதிக் கொடுக்கலாம். ஞானத்தாய் கனடாவில் என்றால் அங்குள்ள பங்கு மூலம் எழுத்து எடுக்க ஆறு கிழமையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்தில் இரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, கண், பல் என்று வழக்கமானவை. மறைக்கக் கூடாதது வலிப்பு, ஆஸ்துமா, தைரொயிட், முன்னர் எடுத்த மனநல மருந்து. நோய் இருப்பதாலேயே பெரும்பாலும் திருப்பி அனுப்பமாட்டார்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். மருந்தை இரகசியமாக நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் செபவேளையில் வலிப்பு வந்து விழுகிற நிலைக்கு வைக்காதீர்கள். உளவியல் சோதனை கேட்டால், அது உங்கள் சம்மதத்தோடுதான் நடக்கலாம். அறிக்கையை யார் யார் வாசிப்பார்கள் என்று கையெழுத்துக்கு முன்னர் கேட்பது உங்கள் உரிமை.

ஆஸ்பிரன்ட், போஸ்டுலன்ட்

இந்த இரண்டு நிலைக்கும் திருச்சபைச் சட்டம் கால அளவு வைக்கவில்லை. சபைச் சட்டநூல்தான் வைக்கும். ஆஸ்பிரன்ட் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம், போஸ்டுலன்ட் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்பது வழக்கம். முதலாவதில் மடத்து நடைமுறை, செபிக்கப் பழகுதல், மொழி, விட்டுப்போன பரீட்சை. இரண்டாவதில் வேதாகமம், மறைக்கல்வி, சபையைத் தொடங்கியவரின் வரலாறு, திருப்புகழ்மாலை என்ற நாளாந்தச் செபமுறை.

முதல் மூன்று கிழமை எல்லோருக்கும் கஷ்டம். ஐந்து மணிக்கு மணி அடிக்கும். வீட்டில் அம்மா தந்த தேத்தண்ணி நினைவு வரும். பிட்டு இருக்கும், ஆனால் அம்மாவின் பிட்டு இல்லை. இந்த ஏக்கத்தை அழைத்தல் இல்லை என்பதற்கு அடையாளமாக எடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் சாப்பாடும் நித்திரையும் சரிவராமல் உடம்பு இறங்கிக்கொண்டே போனால் அது வேறு கதை. பொறுப்பான சிஸ்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். பெற்றோருக்கும் ஒன்று: போன் தருகிற நாளில் வீட்டுச் சண்டையையும் தங்கச்சியின் கலியாணக் காசுக் கணக்கையும் பிள்ளைக்கு ஒப்புவிக்காதீர்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் இறக்கி வைத்ததை அவள் பத்து நாள் சுமப்பாள்.

ஏ.எல் இரண்டாம் தரம் எடுக்க நினைத்தால் இந்தக் காலத்திலேயே எடுத்து முடியுங்கள். நொவிசியேட்டில், உருவாக்கத்துக்கு நேராக உதவாத படிப்பையும் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். "நொவிசாக இருந்துகொண்டே ஒரு பாடத்தை எழுதலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

நொவிசியேட்: நாட்களை எண்ணுகிற வருடம்

முழுப் பாதையிலும் சட்டம் மிக இறுக்கமாக இருப்பது இங்கேதான். நொவிசியேட் என்று எழுத்துமூலம் நிறுவப்பட்ட வீட்டில், அந்தக் குழுவோடு பன்னிரண்டு மாதம் இருப்பது கட்டாயம். பல சபைகள் இரண்டு வருடம் வைப்பார்கள். ஒரு வருடம் உள்ளே, மற்ற வருடத்தில் கொஞ்சக் காலம் வெளியிடத்தில் வேலைப் பழக்கம். இரண்டு வருடத்துக்கு மேல் நீட்ட முடியாது. தகுதியில் சந்தேகம் இருந்தால் மட்டும் கூடியது ஆறு மாதம் சேர்க்கலாம்.

பன்னிரண்டு மாத வருடத்தில் அந்த வீட்டை விட்டு வெளியே இருந்த நாட்கள், தொடர்ந்தோ விட்டுவிட்டோ, பதினைந்தைத் தாண்டினால் ஈடுசெய்ய வேண்டும். மூன்று மாதத்தைத் தாண்டினால் நொவிசியேட்டே செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் எவ்வளவு நியாயமானது என்று சட்டம் பார்க்காது. ஒரு நொவிசின் வருடத்தை எடுத்துக்கொள்வோம். பங்குனியில் அக்காவின் கலியாணம், போய்வர 4 நாள். ஆடியில் டெங்கு, ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக 9 நாள். கார்த்திகையில் அப்பா தவறிவிட்டார், அடக்கத்துக்கு 5 நாள். கூட்டினால் 18. அதற்கு மேல் 31ஆம் நாள் பூசைக்கும் வா என்று வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. வார்த்தைப்பாட்டுத் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், ஒருவரும் எண்ணி வைக்காமல், கார்ட் அடித்து, மண்டபம் பிடித்து, ஆயரின் திகதியும் எடுத்த பிறகுதான் இந்தக் கணக்கு கண்ணில் படும். ஒரு சின்னக் கொப்பியில் போன திகதி, வந்த திகதி, காரணம் மூன்றையும் எழுதி, நொவிஸ்களுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் மாதம் ஒருமுறை காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் வார்த்தைப்பாட்டை உரிய நாளுக்கு முந்திக் கொடுக்க 15 நாள் வரை அனுமதிக்கலாம். சபைத் திருநாளோடு பொருத்துவதற்காக அதைப் பாவிப்பார்கள். ஈடுசெய்ய நாட்கள் இருக்கிறபோது முந்துவதையும் எடுக்கப் பார்த்தால் கணக்கு இடிக்கும்.

உள்ளே என்ன நடக்கும்? மூன்று வார்த்தைப்பாடுகளையும், அதாவது கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல், பாடமாகப் படிப்பார்கள். அதைவிட மேலாகக் குசினியிலும் தோட்டத்திலும் உரசிப் பார்ப்பார்கள். ஏழ்மை என்பது பற்பசை முடிந்ததும் போய் "சிஸ்டர், பற்பசை வேணும்" என்று கேட்பது. இருபத்தாறு வயதில், சம்பளம் எடுத்துப் பழகியவருக்கு அந்த ஒரு வசனம் தொண்டையில் நிற்கும். கீழ்ப்படிதல் என்பது நன்றாகப் பாடத் தெரிந்த பிள்ளையைக் கோழிக்கூட்டுக்கு விடுவது. கற்பைப் பற்றிப் பேச வெட்கப்பட்டுக் கடந்துபோகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது; அதில்தான் பிறகு பலர் தடுக்கி விழுகிறார்கள். முன்னர் ஒருவரை விரும்பியிருந்தால், அது மனதில் இன்னும் கிடந்தால், பேச வேண்டிய இடம் நொவிசியேட், பேச வேண்டிய ஆள் ஆன்ம வழிகாட்டி.

நொவிஸ்களுக்குப் பொறுப்பானவர் மதிப்பீடும் செய்கிறவர். அதனால் மனச்சாட்சியை அவிழ்த்துக் காட்டும்படி ஒரு தலைவியும் வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. விருப்பப்பட்டுச் சொல்வது வேறு. பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியிலிருந்து குருவானவர் வருவார். அங்கே சொன்னது அங்கேயே நிற்கும்.

போலி அமைதிதான் இந்த நிலையில் அடிக்கடி காணும் பிழை. குரலைத் தாழ்த்தி, தலையைக் குனிந்து, எல்லாவற்றுக்கும் "ஓம் சிஸ்டர்" என்று சொல்லி இரண்டு வருடத்தைக் கடத்திவிடலாம். பொறுப்பான சிஸ்டரும் "நல்ல பிள்ளை" என்று எழுதிவிடுவார். அடக்கி வைத்த கோபம் முதல் வேலைத்தலத்தில், மூன்று பேர் மட்டும் இருக்கிற மடத்தில், சின்னப் பிள்ளைகள் மீது வெடிக்கும். சண்டை பிடித்து, அழுது, மன்னிப்புக் கேட்டுப் பழகிய நொவிஸ் பார்வைக்குக் கரடுமுரடாக இருந்தாலும் கூடுதல் நம்பிக்கை தருகிறவர்.

முதல் வார்த்தைப்பாடும் காணி உறுதியும்

வயது 18 நிறைந்திருக்க வேண்டும், நொவிசியேட் செல்லுபடியாக முடிந்திருக்க வேண்டும், தலைவி தன் ஆலோசனைக் குழுவின் வாக்கெடுப்போடு ஏற்றிருக்க வேண்டும். பிள்ளை கையால் விண்ணப்பம் எழுதுவார். முன்மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வாசிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இதற்கு முன்னர் சொத்துப் பற்றிய ஒழுங்கு ஒன்று கட்டாயம். பெரும்பாலான சபைகளில் வார்த்தைப்பாடு எடுத்தாலும் காணியின் உரித்து பிள்ளையின் பெயரிலேயே இருக்கும். விட்டுக்கொடுப்பது பராமரிப்பையும் வருமானத்தைப் பாவிப்பதையும்தான், அதுவும் அவர் விரும்புகிற ஆளுக்கு. இது தெரியாமல், "நீ மடத்துக்குத்தானே போறாய்" என்று அவளுக்கென ஒதுக்கின சீதனக் காணியைத் தம்பி பெயருக்கு அவசர அவசரமாக எழுதுவிக்கிற வீடுகள் உண்டு. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் வருடங்கள் கிடக்கின்றன. பிள்ளை திரும்பி வந்தால் எங்கே இருப்பாள்? காணியைப் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் ஒன்றை நொத்தாரிசிடம் எழுதிக் கொடுத்தால் இந்த நிலைக்குப் போதும். வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு அந்த ஒழுங்கை மாற்ற வேண்டுமென்றால் தலைவியின் அனுமதி வேண்டும்.

பூசையில் பிள்ளை வார்த்தைப்பாட்டு வாசகத்தைத் தானே வாசிப்பார். அதில் "ஓர் ஆண்டுக்கு" என்றோ "மூன்று ஆண்டுகளுக்கு" என்றோ காலம் வரும். கையெழுத்திடுவார். முக்காடும் சபைச் சட்டநூலும் கொடுப்பார்கள். உறவினர் மாலை போட முண்டியடிப்பதும் வீடியோக்காரர் பீடத்துக்கு முன்னால் நிற்பதும் தனிக் கதை.

ஜூனியர் வருடங்கள்

தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் மூன்று வருடத்துக்குக் குறையக் கூடாது, ஆறுக்குக் கூடக் கூடாது. காரணம் இருந்தால் மொத்தம் ஒன்பது வரை நீட்டலாம். காலம் முடிகிற நாளில் புதுப்பிக்க வேண்டும், அல்லது நித்தியமாக்க வேண்டும், அல்லது போக வேண்டும். புதுப்பிப்பு விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்கு முன்னரே எழுதிவிடுங்கள். தவக்காலமும் பள்ளிக்கூடத் தவணையும் ஒன்றாக வந்து திகதி மறந்துபோனால் சட்டச் சிக்கல்.

படிப்பும் வேலையும் இப்போது வரும்: கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, பல்கலைக்கழகம், பங்கில் மறைக்கல்வி. சம்பளம் எடுத்தால் அது சபைக்கு. வீட்டுக்கு மாதாமாதம் அனுப்ப முடியாது என்பதைப் பெற்றோர் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். மூத்த பிள்ளையை அனுப்புகிற வீட்டில் இது கண்ணீருக்குக் காரணமாகிறது. பிள்ளைக்கு வேண்டியதை எல்லாம் சபை கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இந்த வருடங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் வேலையால். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் விடுதிப் பிள்ளைகள், இரவு கொப்பி திருத்தல், சனி ஞாயிறு பங்கு. தியானம் அரை மணித்தியாலம் பதினைந்து நிமிடமாகி, பதினைந்து ஐந்தாகும். ஆட்கள் குறைந்த மடங்கள் ஜூனியரை ஒரு கூலி இல்லாத கையாக நினைக்கத் தொடங்கும். மாதத்தில் ஒரு நாள் ஒதுங்கியிருந்து செபிக்கும் ஒடுக்கம், வருடத் தியானம், பொறுப்பான சிஸ்டரோடு சந்திப்பு: இந்த மூன்றையும் வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் குறித்து, மடத்துத் தலைவியிடம் காட்டி வையுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

திரும்பி வருவது

நொவிஸ் எந்த நாளும் போகலாம், சபையும் அனுப்பலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டில் இருக்கிறவர் காலம் முடிந்ததும் போகலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நடுவில் என்றால் சபை முழுவதுக்கும் தலைவியான பொதுத் தலைவியிடம் அனுமதி எடுக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு பெரிய காரணம் வேண்டும். ரோமாபுரி அல்லது மறைமாவட்ட ஆயர் வரை போகும். செய்த வேலைக்குச் சம்பளம் என்று கேட்க முடியாது. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் தெருவில் விடக் கூடாது, நீதியோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று சட்டம் சபையைக் கட்டுகிறது. வரும்போது சான்றிதழ்களின் மூலப்பிரதி, மருத்துவ அறிக்கை, இருந்த காலத்தைக் காட்டும் கடிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

"மடத்தால திரும்பி வந்தவள்" என்ற பேச்சு ஊரில் வரும். சம்பந்தம் பேசும்போதும் இழுப்பார்கள். நொவிசியேட்டில் ஒரு பிள்ளை "இது எனக்கில்லை" என்று கண்டுபிடித்தால், நொவிசியேட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. முறையாக விலகியவர் பிறகு மனம் மாறி அதே சபைக்குத் திரும்பினால், நொவிசியேட்டை மறுபடி செய்யாமலே ஏற்கவும் வழி இருக்கிறது.

நித்திய வார்த்தைப்பாடு

வயது 21 நிறைந்திருக்க வேண்டும், தற்காலிகக் காலம் குறைந்தது மூன்று வருடம் கடந்திருக்க வேண்டும். வழக்கமாகச் சில மாதம் வேலையிலிருந்து எடுத்து, சிலர் முப்பது நாள் தியானத்தோடு, ஆயத்தம் செய்வார்கள். இப்போது மரண சாசனமும் எழுதியிருக்க வேண்டும், அதுவும் நாட்டுச் சட்டத்துக்குச் செல்லுபடியாக: இலங்கையில் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். சிஸ்டர்மாரே சாட்சி, சபையே சொத்துப் பெறுகிறது என்று எழுதினால் பின்னால் குடும்பத்தார் கோட்டுக்குப் போக இடம் வைத்ததாகும். வெளியாட்களைச் சாட்சிக்கு எடுங்கள்.

பூசையில் பிள்ளை நிலத்தில் குப்புற விழுந்து கிடக்க, கூடியிருக்கிறவர்கள் எல்லோரும் புனிதர்களின் பிரார்த்தனையைப் பாடுவார்கள். தாய்மார் அழுவது அந்த இடத்தில்தான். பிறகு எழுந்து வாசகம். இந்தத் தடவை "வாழ்நாள் முழுவதும்" என்று வரும். பீடத்தில் கையெழுத்து, ஆசீர்ச் செபம், மோதிரம்.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்து வான் எல்லாம் போன பிறகு ஒரு வேலை பாக்கி. வார்த்தைப்பாடு நடந்ததை, பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குச் சபை அறிவிக்க வேண்டும். அங்கே பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே அது எழுதப்பட வேண்டும். கடிதம் போனதா என்று மடத்தில் கேளுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கோவில் அறைக்குள் போய், பங்குத்தந்தையிடம் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லி, திகதியும் சபையின் பெயரும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.